பன்னிரண்டு உறையும் ஒரு கருவாட்டுப் பெட்டியும்

பேசாத ஆளாக ஒருவர் வேண்டும் என்று கொழும்பிலிருந்து கேட்டிருந்தார்களாம். எங்கள் ஆபீஸில் எல்லோரும் என்னைக் கைகாட்டிவிட்டார்கள்.

நான் தூத்துக்குடிக்காரன். படிப்பு ஆறாம் வகுப்போடு சரி. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது வேலை. எந்தச் சோப்பு, எந்தப் பல்பொடி, யாருக்கு ஓட்டு. எனக்கு எல்லாம் ஒன்றுதான். கேட்பேன், எழுதுவேன், எழுந்துவிடுவேன்.

இலங்கையில் ஜனாதிபதித் தேர்தல். புத்தளம் கடற்கரையில் பன்னிரண்டு பேரைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் பார்த்துக் கேட்க வேண்டும். இரண்டு தடவையும் அதே பன்னிரண்டு பேர். உள்ளூர் ஆள் கேட்டால் உண்மை வராது. அவன் இன்னாருக்கு மச்சான், இன்னாருக்குக் கூட்டாளி என்று யோசிப்பார்கள். அதனால் கடல் தாண்டி ஓர் ஆள்.

கொழும்பில் நிரோஷா மிஸ் என்று ஒரு பெண் எங்களுக்கு மேலாள். என் மகள் வயது. ஆளுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு உறை வைத்த ஒரு நீலப் பையைக் கொடுத்து, "யார் என்ன சொன்னார்கள் என்று இன்னொருத்தருக்குத் தெரியக்கூடாது. ஓர் உறை திறந்திருந்தாலும் பன்னிரண்டையும் குப்பையில் போடுவேன்" என்று சொன்னார். சரி என்றேன். "வேறு ஏதும் கேட்க வேண்டுமா?" என்றார். இல்லை என்றேன்.

அதுதான் தப்பு. எந்த பஸ் என்று கேட்டிருக்கலாம்.

புத்தளம் வரைக்கும் சரியாகத்தான் போனேன். வழியில் உப்பளம் தெரிந்தது. எங்கள் ஊர் உப்பு மாதிரியே வெள்ளை. அதைப் பார்த்ததும் சொந்த ஊர் என்ற நினைப்பு வந்து, யாரையும் கேட்காமல் நின்ற பஸ்ஸில் ஏறித் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது கடலைக் காணோம். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயல். எலுவன்குளம் என்றார்கள். அதற்கு மேல் ரோடு இல்லை.

மண்வெட்டியோடு நின்ற ஒருவர், "எங்க போகணும்?" என்றார்.

"கற்பிட்டிப் பக்கம். குறிஞ்சிப்பிட்டி."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது கடல். இது ஆனை."

வேறொன்றும் சொல்லவில்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பால் இல்லாத தேநீர் ஒன்று கொடுத்து, அதே பஸ்ஸில் திருப்பி ஏற்றிவிட்டார். அந்தத் தேநீரைச் சீனியைக் கையில் வைத்துக்கொண்டு நக்கி நக்கிக் குடிக்கிறார்கள். நான் சீனியை முதலிலேயே தின்றுவிட்டேன்.

கற்பிட்டியில் பாண் கடை ஒன்றுக்கு மேலே எனக்கு அறை. பாண் என்றால் பிரெட். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குக் கொடுப்பது. அங்கே நல்ல உடம்போடு இருப்பவர்களே பருப்பும் சம்பலும் வைத்து வெட்டுகிறார்கள். இரண்டாம் நாளிலிருந்து நானும் வெட்டினேன்.

அங்கிருந்து குறிஞ்சிப்பிட்டிக்கு அந்தோனியின் ஆட்டோ. அந்தோனி தமிழில் ஆரம்பித்துச் சிங்களத்தில் முடிப்பார். முதல் நாளே ஆட்டோ மணலில் புதைந்தது. இறங்கித் தள்ளினேன். "ஐயா கதைக்க மாட்டீங்க, ஆனா நல்லாத் தள்ளுவீங்க" என்றார். அந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் நற்சான்று.

என் பட்டியலில் இருந்த பன்னிரண்டு பேரில் பாதிக்கு மேல் ஒரே கரைவலையில் வேலை செய்பவர்கள். கரைவலை என்றால் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, கரையில் நின்று இரண்டு பக்கமும் கயிற்றைப் பிடித்து இழுக்கும் வலை. வலையின் சொந்தக்காரரைச் சம்மாட்டி என்பார்கள். இங்கே றஹீம் சம்மாட்டி. அவரும் பட்டியலில் இருந்தார். அவர் மனைவி ஜெஸீமாவும் இருந்தார். பேர்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் போன நேரம் சம்மாட்டி கடற்கரையில் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். ஒரு ரெஜிபோம் பெட்டியின் மூடியில், அதாவது நம்மூர் தெர்மாக்கோலில், வாக்குச்சீட்டை அப்படியே வரைந்திருந்தார். எங்கள் ஊரில் பொத்தானை அமுக்கினால் மெஷின் கத்தும், வேலை முடிந்தது. அங்கே இன்னும் காகிதம்தான். பிடித்த ஆளுக்கு நேரே 1 என்று போடலாம். விருப்பமிருந்தால் 2, 3 என்று மற்றவர்களுக்கும் போடலாம். ஒரே ஒரு புள்ளடி, அதாவது பெருக்கல் குறி போட்டாலும் செல்லும். இரண்டு புள்ளடி போட்டால் செல்லாது.

"வெளங்குதா? எங்கட ஆளுக்கு நேர ஒண்டு. அவ்வளவுதான். வேற ஒரு கீறல் விழப்படாது. கீறல் விழுந்தா வோட்டு பழுதாப் போகும்" என்று சம்மாட்டி மூடியைத் தட்டினார்.

கயிற்றுக்காரர்கள் தலையாட்டினார்கள். வயதான ஒருவர், பேர் மீராசா காக்கா, அங்கே காக்கா என்றால் அண்ணன், "சம்மாட்டி, மூடி உடைஞ்சா மீனை எதால மூடுறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சம்மாட்டி சிரிக்கவில்லை. கட்சிக்காரர்களிடம் தன் வலையில் ஒரு வோட்டுக்கூடச் சிந்தாது என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அவருடைய ஆள் யார் என்று நான் எழுதமாட்டேன். ஒருவர் அவருடைய ஆள், ஒருவர் மற்ற ஆள். அது போதும்.

சம்மாட்டியைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் பேனா. மீன் பெட்டிகள் லொறியில் போகும்போது இருபது சம்மாட்டிகளின் பெட்டி ஒன்றாய்க் கலந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி. இவருடையது ஒரு வட்டம், நடுவில் ஒரு கோடு. சிலாபத்துச் சந்தை வரைக்கும் அந்தக் குறி தெரியாத ஆள் இல்லை. பழக்கம் முற்றி, அவர் கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் அதைப் போட்டுவிடுவார். குடையில் இருந்தது. கதிரையின், அதாவது நாற்காலியின், முதுகில் இருந்தது. பள்ளிவாசலுக்குப் போட்டுப் போகும் செருப்பில் இரண்டிலும் இருந்தது. அவர் வீட்டில் நான் குடித்த கோப்பையின் அடியிலும் இருந்தது.

அந்த வீட்டில் சம்மாட்டி உரத்த குரலில் பதில் சொன்னார், தெருவுக்கே கேட்டது. அடுத்து ஜெஸீமா. திரைக்குப் பின்னால் இருந்து, "எனக்கென்ன தெரியும், அவர்ட்ட கேளுங்க" என்று அவரும் உரத்துத்தான் சொன்னார். சம்மாட்டி திருப்தியாக வெளியே போனார். பிறகு திரைக்குப் பின்னால் குரல் இறங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு பதில், சுத்தமாக. என்ன பதில் என்பது உறைக்குள் இருக்கிறது.

கயிற்றுக்காரர்களில் செல்வம் என்று ஒருவர். உடப்பு என்ற ஊர்க்காரர். இங்கே பெண் எடுத்து இங்கேயே பதிந்தவர். நாற்பது வயது. கையைப் பார்த்தால் கயிறு எது விரல் எது என்று தெரியாது. அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தபோது நாலு பக்கமும் பார்த்தார்.

"அண்ணே, இது வெளிய போகுமா?"

"போகாது."

"அப்ப எழுதுங்க. மத்த ஆளுக்குத்தான்."

நான் எழுதினேன். காரணம் கேட்பது ஒன்பதாவது கேள்வி. கேட்டேன்.

"சம்மாட்டி சொன்னா கயித்தை இழுக்கிறன். அது என்ர வேலை. என்ர வோட்டையும் அவரே இழுக்கிறதெண்டா எப்பிடி அண்ணே?"

அதையும் எழுதினேன்.

தேர்தல் முடிந்தது. சம்மாட்டியின் ஆள் தோற்றுப்போனார். நான் இரண்டாம் தடவை போனேன்.

இந்தத் தடவை மழை. ரோட்டில் தண்ணீர். அந்தோனியின் ஆட்டோ பாதி வழியில் இருமி நின்றது. தேங்காய் ஏற்றிப் போன ஒரு டிராக்டரில் கை காட்டி ஏறினேன். தேங்காய்மேல் உட்கார்ந்து பத்து நிமிடம் போனால் மனிதன் எதற்கும் பொறுமையாகிவிடுவான்.

ஊரில் ஒரு வேடிக்கை. முதல் தடவை ஆளுக்கொரு பதில் சொன்னவர்கள், இப்போது முக்கால்வாசிப் பேர் ஜெயித்த ஆளுக்குத்தான் போட்டோம் என்றார்கள். தோற்றவரின் படம் இன்னும் சுவரில் ஒட்டியிருந்த வீட்டிலேயே அப்படிச் சொன்னார்கள். நான் படத்தைப் பார்த்தேன். வீட்டுக்காரரும் பார்த்தார். "அது ஓட்டைக்கு ஒட்டினது. மழை வருதுல்ல" என்றார். இதெல்லாம் எங்கள் ஊரிலும் உண்டு. ஜெயித்த பிறகு தோற்ற ஆளுக்கு ஓட்டுப் போட்டவன் ஒருத்தனும் கிடைக்கமாட்டான்.

சம்மாட்டி மட்டும் மாறவில்லை. அவர் துரோகியைத் தேடிக்கொண்டிருந்தார். தேர்தலன்று மாலையே எல்லோருடைய சுண்டுவிரல் மையையும் பார்த்துவிட்டாராம். எல்லோரும் போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எவனோ மாற்றிப் போட்டிருக்கிறான். அவர் பக்கத்து வோட்டுக் குறைகிறது என்று கட்சிக்காரர்கள் போனில் ஏசியிருக்கிறார்கள்.

யார் என்று தெரிந்த ஒரே ஆள் நான். பை என் தோளில் இருந்தது.

முதல் நாள் என்னைக் கூப்பிட்டு இடியப்பமும் சொதியும் கொடுத்தார். "செல்வம் என்ன சொன்னான்?" என்றார்.

"சொதி நல்லா இருக்கு" என்றேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பாரை மீன் ஆணம். ஆணம் என்றால் குழம்பு. தலையை எனக்கு வைத்தார். "பேர் வேணாம். எழுத்து மட்டும் சொல்லுங்க. சானாவா, மானாவா?"

"தலை நல்லா வெந்திருக்கு."

சாயங்காலம் வட்டிலாப்பம் வந்தது. முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிப்பது. அதைத் தின்றபோதுதான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. அவ்வளவு ருசி. நான் எழுந்துவிட்டேன்.

சம்மாட்டி வாசல்வரை வந்தார். "சரி, நீங்க சொல்லவாணாம். நாளைக்கு மத்த நாள் வலை இழுக்க முந்தி எல்லாரும் சத்தியம் பண்ணணும். அவனவன் மார்க்கத்துல. எங்கட ஆக்கள் பள்ளிவாசல் வாசல்ல. செல்வம் சூடம் கொழுத்தி. எவன் பண்ணல்லயோ, அவன் என்ட கயித்தைத் தொடப்படாது."

செல்வத்தைத் தேடிப் போனேன். தோணி அடியில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"சூடத்துக்கு முன்னால பொய் சொல்ல மாட்டன் அண்ணே. முன்னேஸ்வரம் கோயில்ல மகளுக்கு நேத்திக்கடன் வச்சிருக்கிறன்."

"அப்புறம்?"

"வேற வலை பாக்கணும். சீசன் நடுவில யாரு சேர்ப்பாங்க?" ஊசியில் நூலைக் கோத்தார். "உங்கள்ல பிழை இல்ல."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கண்ணியைப் பொத்தப் பார்த்தேன். அவர் அதைப் பிரித்துத் திரும்பப் பொத்தினார்.

மூன்றாம் நாள், பட்டியலில் கடைசி ஆள் சம்மாட்டி. இரண்டாம் தடவை எல்லோருக்கும் ஒரு வேலை கூடுதல். மிஸ் வாக்குச்சீட்டு மாதிரியே ஒரு காகிதம் அச்சடித்துத் தந்திருந்தார். ஆளுக்கு ஒன்றே ஒன்று. அன்றைக்கு எப்படிப் போட்டீர்களோ அப்படியே போட்டு, மடித்து, உறையில் வைத்து ஒட்டித் தர வேண்டும்.

"நான் என்ன போட்டன் எண்டு ஊருக்கே தெரியும். எனக்கெதுக்குக் காகிதம்?" என்றார் சம்மாட்டி. ஆனாலும் வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டார். கதிரையை மேசைக்கு இழுத்தார். எனக்குப் பாடம் எடுப்பதுபோல, "பாருங்க, இப்பிடித்தான். எங்கட ஆளுக்கு நேர ஒண்டு. அவ்வளவுதான். வேற கீறல் விழப்படாது" என்று போட்டுக் காட்டினார்.

போட்ட கை நிற்கவில்லை. கீழே போயிற்று. ஒரு வட்டம். நடுவில் ஒரு கோடு.

காகிதத்தை மடித்தார். பாதி மடித்தவர் நிறுத்தினார். பிரித்துப் பார்த்தார்.

"வேறொண்டு தாங்க."

"இல்ல அண்ணாச்சி. ஆளுக்கு ஒண்ணுதான்."

"இதுல தவறி விழுந்திட்டு. அங்க போடல்ல."

சம்மாட்டி தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடையதோ மாதிரி.

"அங்க... போட்டனா?"

நான் உறையை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"ஜெஸீமா!" என்று கூப்பிட்டார். திரை அசைந்தது. "நான் வோட்டுப் போட்டுட்டு வந்து உன்னட்ட என்ன சொன்னன்?"

"பென்சில் மொட்டை, வட்டம் வடிவா வரல்ல எண்டு ஏசினீங்க."

"எந்த வட்டம் எண்டு நீ கேக்கல்லயா?"

"நீங்க போடாத வட்டம் எங்க இரிக்கி? அதுக்குத்தான் கேக்கல்ல."

சம்மாட்டி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அதிலும் குறி இருந்தது.

"போட்ட ஆளைக் காட்டுற குறி சீட்டுல இருந்தா?" என்றார் என்னிடம், மெதுவாக.

"செல்லாது அண்ணாச்சி."

திரைக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. சிரிப்பா இருமலா என்று நான் எழுதிக்கொள்ளவில்லை. அது கேள்வித்தாளில் இல்லை.

அவரே காகிதத்தை உறையில் போட்டார். நாக்கால் நனைத்து ஒட்டினார். ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் நாலு தடவை அழுத்தினார். "இது வெளிய போகாதே?"

"போகாது."

"எண்ணுற எடத்துல எங்கட குறி தெரிஞ்ச ஆள் எவனாவது இருந்திருப்பானா?"

சிலாபம் வரைக்கும் தெரிந்த குறி. நான் பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.

மறுநாள் காலை கடற்கரைக்குப் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. பன்னிரண்டு உறையும் முடிந்துவிட்டது. ஆனாலும் போனேன். கயிற்றுக்காரர்கள் கூடி நின்றார்கள். செல்வம் குளித்து, திருநீறு பூசி, ஒரு வெற்றிலையில் சூடத்தோடு நின்றார். பக்கத்தில் ஒரு பையில் அவருடைய சாரமும் சட்டையும் மடித்திருந்தது. வலையை விட்டுப் போகத் தயாராக வந்திருந்தார்.

சம்மாட்டி வந்தார். முகம் கழுவின மாதிரி இருந்தது, தூங்கின மாதிரி இல்லை. ஒவ்வொருவராகப் பார்த்தார். செல்வத்தின் வெற்றிலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

மீராசா காக்கா கேட்டார். "என்ன சம்மாட்டி, சத்தியத்தைத் தொடங்குவமா?"

"என்ன சத்தியம்? வோட்டு எண்டா ரகசியம். சட்டம் அப்பிடித்தான் சொல்லுது. மத்தவன்ட வோட்டைக் கேக்கிறது ஹறாம்."

"நேத்து வரைக்கும் ஹலாலா இருந்திச்சே!"

"கயித்தைப் பிடிங்க காக்கா. வெயில் ஏறப் போகுது."

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் ரொம்ப அவசரமாகக் குனிந்து கயிற்றைத் தேடினார்கள். செல்வம் மட்டும் ஒரு நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு சூடத்தைக் கொளுத்தி வலைக்குக் காட்டிவிட்டு, தன் இடத்துக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தார். நான் அவருக்குப் பின்னால் பிடித்தேன். கால் மணி நேரத்தில் என் உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்தது.

"அண்ணே, அவருக்கு என்ன சொன்னீங்க?" என்றார் செல்வம், இழுத்துக்கொண்டே.

"ஒண்ணும் சொல்லல."

"அதுதான் வேலை செஞ்சிருக்கு."

வலை நிறையச் சாளை. நம்மூர்ச் சாளைதான். அங்கேயும் அதே பேர்.

கிளம்பும்போது சம்மாட்டி ஒரு ரெஜிபோம் பெட்டியில் கருவாடு கட்டித் தந்தார். மூடியை ஒட்டினார். கை தானாகச் சட்டைப் பைக்குப் போய் மார்க்கரை எடுத்தது. மூடிவரை வந்தது. நின்றது. என்னைப் பார்த்தார். பேனாவை மூடித் திரும்பப் பையில் வைத்தார்.

"குறி இல்லாமப் போகட்டும்."

மதுரை விமான நிலையத்தில் அந்தப் பெட்டியை நிறுத்தினார்கள். "என்ன இது?"

"கருவாடு."

"யார் குடுத்தா?"

"சொல்ல முடியாது சார்."

"ஏன்யா?"

"வாக்குக் குடுத்திருக்கேன்."

அதிகாரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் பெட்டியைத் திறந்தார். உடனே மூடினார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள். "போ, போ" என்றார். போனேன்.

இதை எழுதும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. போன வாரம் சம்மாட்டி போன் செய்தார். எடுத்த எடுப்பில், "நீங்க யாருக்கும் சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல."

"எனக்குத் தெரியும், நீங்க சொல்லியிரிக்க மாட்டீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எண்ணுற எடத்துல இருந்த ஆள் அடுத்த நாளே வந்து சொல்லிட்டானாம். வட்டம், நடுவுல கோடு எண்டு. மீராசாவுக்குத் தெரியும். அந்தோனிக்குத் தெரியும். செல்வத்துக்கும் முந்தியே தெரியுமாம். நான் சத்தியம் கேட்டு நிண்ட நேரமெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் என்ட முகத்துக்குச் சொல்லல்ல. இப்பதான் ஜெஸீமா வாய் தவறிச் சொன்னா."

எனக்கு அந்த வெற்றிலையும் மடித்த சாரமும் ஞாபகம் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் செல்வத்தின் கயிறு தப்பியிருக்கும். அந்த வார்த்தையை வாயில் வைத்துக்கொண்டுதான் அவர் மூட்டை கட்டி வந்திருக்கிறார்.

"செல்வம்?" என்று கேட்டேன்.

"இரிக்கான். கயித்துல முன் இடம் அவனுக்குத்தான் இப்ப." பிறகு சம்மாட்டி, "இனி நீங்க எழுதினாலும் சரி, பேரை மட்டும் மாத்துங்க" என்றார். "குறியையும் மாத்துங்க."

செல்வத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மாற்றிவிட்டேன். நிஜக் குறி வட்டமும் இல்லை, கோடும் இல்லை.

மிஸ்ஸிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்வேன். பேசாத ஆள் வேண்டும் என்று அவர் கடல் தாண்டித் தேடியிருக்க வேண்டாம். அங்கே ஓர் ஊர் முழுக்க இருக்கிறது.